கல்தொட்டியில் பூத்த குவளை

அப்பா ஆழ்வார்குறிச்சியில் தமிழ் வாத்தியார். பாட்டில் குவளை என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்கு வியர்த்துவிடும். பாவம், அந்தப் பூவை அவர் கண்ணால் கண்டதேயில்லை. "அது ஒருவகைப் பூலே" என்று சொல்லி அடுத்த வரிக்கு ஓடிவிடுவார். பையன்கள் அவருக்கு 'ஒருவகைப் பூ' என்றே பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகையாக வரும்.

கடைசியில் பூவைக் கண்டுபிடித்தது யார்? ஒன்பது வயது நான்தான்! வாய்க்காலில் குளிக்கும்போது, ஊதா நிறத்தில் கொத்தாகப் பூத்தபடி ஒரு செடி மிதந்து வந்தது. மேலிதழில் மஞ்சள் பொட்டு, அதைச் சுற்றி நீலம். அச்சு அசல் கண். ஈரப்பாவாடையோடு வீட்டுக்கு ஓடினேன்.

"கண்ணைப் பாத்துக் குவளைன்னு சும்மாவா பாடினான்! ஏட்டி, நீ எம் பிள்ளைட்டீ!" என்று அப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அம்மா பாயசத்துக்கு அடுப்பு மூட்டினாள்.

அடுத்த வீட்டிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி; பாளையங்கோட்டையில் ஒரு துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊரோடு வந்திருந்தார். அப்பாவைக் கேலி செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது. செடியைப் புரட்டினார்.

"அத்தான், காம்பு என்ன குடுக்கை மாதிரி ஊதியிருக்கு?"

"வே மாப்ள, பாடுதவன் பூவைப் பாப்பானா, காம்பைப் பாப்பானா?"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "குவளையேதான் அத்தான்" என்றார். இவ்வளவு சீக்கிரம் தோற்றுப்போனாரே என்று எனக்குச் சப்பென்றாகிவிட்டது.

கோயில் தெப்பக்குளத்தில் விடலாம் என்றார் அப்பா. மாமா பதறிப்போனார். "குளமெல்லாம் வேண்டாம் அத்தான். வீட்டுக் கல்தொட்டியிலயே கெடக்கட்டும். பிள்ளைக இங்கன வந்து பாக்கட்டும்."

மறுநாள் வகுப்பே எங்கள் முற்றத்தில்தான். அப்பா குவளைப் பாட்டாக ராகம் போட்டுப் பாட, பையன்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். பட்டப்பேர் அன்றோடு ஒழிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு மாமா தினமும் காலையில் வருவார். கிளைத்திருக்கும் குட்டிச்செடிகளைப் பிடுங்கித் துண்டில் கட்டிக்கொண்டு போவார். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கொல்லையில் அவற்றைக் காயப்போட்டுத் தீ வைத்துக்கொண்டிருந்தார். வயிற்றெரிச்சல் பிடித்த மனுஷர்! அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன்.

"சொல்லீராதட்டீ, தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சொல்லவில்லை. ஆனால் மாமாவுக்குப் பொறாமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், கல்யாணமாகிப் போன ஊரில், ஒரு குளத்தையே மூடிக்கிடந்த அந்த ஊதாப் பூவை, குவளையில்லை, குளத்தைத் தின்னும் களை என்று ஆட்கள் வண்டி வண்டியாக அள்ளிக் கொட்டுவதைப் பார்க்கும்வரை. ஊர்க் குளத்தையும் அப்பாவின் சந்தோஷத்தையும் அந்த மனுஷர் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்று ஒன்பது வயதில் எனக்கு எங்கே தெரியும்?