கார்பன் தாளில் விழுந்த ஏழு பேர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். குற்றவியல் படித்தவன், எதற்கும் ஆதாரம் கேட்டே பழக்கம். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது பட்டப்பகலில், மதுரை வில்லாபுரத்தில், என் கண் முன்னால் நடந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி. என் ஆய்வு சோவியத் நாட்டுக் குற்றவியல் நிறுவனங்களைப் பற்றியது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு இது யாருக்கு வேண்டும் என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. எனக்கோ பைத்தியமே பிடித்திருந்தது! இருபதுகளில் மாஸ்கோவில் ஒரு நிறுவனம் தொடங்கி, ஆய்வாளர்கள் சிறைக்குள்ளேயே போய், ஏன் திருடினாய், அப்பா என்ன செய்தார் என்று கைதிகளைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். முப்பதுகளில் அந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று முடக்கிவிட்டார்கள். மறுபடி ஒரு நிறுவனம் வர அறுபதுகள் ஆயிற்று. நடுவில் அந்த மனிதர்கள் என்ன ஆனார்கள்? என்னிடமிருந்த புத்தகங்களில் 'சிலர் நீக்கப்பட்டனர்' என்று ஒரே வரி. ஒரு பெயர்கூட இல்லை. அதனால் என் கையெழுத்துப் பிரதியில் பெயர்கள் வர வேண்டிய இடத்தில் வெறும் புள்ளியாக வைத்திருந்தேன்.

ஆய்வேட்டை டைப் அடித்தது சரோஜா அக்கா. சௌராஷ்டிரக் குடும்பம், வில்லாபுரத்தில் வீட்டு முன்னறையிலேயே ஜாப் டைப்பிங் வைத்திருந்தார். எழுதியிருப்பதை அப்படியே அடிப்பார், காற்புள்ளிகூட மாறாது. மேலே நல்ல தாள், அடியில் கார்பன் வைத்து மூன்று நகல்.

அன்று கடைசி நாள். ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் பட்டமும் போச்சு, வரவிருந்த விரிவுரையாளர் வேலையும் போச்சு. மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பக்கங்களைச் சரிபார்த்தேன். மேல் தாளில் புள்ளி வரிசை சரியாக இருந்தது. அடியிலிருந்த மூன்று நகல்களிலும் அதே இடத்தில், ஆங்கில எழுத்தில், ஒரு ரஷ்யப் பெயர்!

"அக்கா, இந்தப் பேரை யாரு அடிக்கச் சொன்னா?"

"நீ புள்ளி வச்சிருந்த, நான் புள்ளி அடிச்சேன். மேல விழாம கார்பன்ல மட்டும் எப்படிப்பா விழும்?"

நம்பினால் நம்புங்கள், புதுத் தாள், புதுக் கார்பன் போட்டு அடிக்கச் சொன்னேன். மேலே புள்ளி. கீழே இன்னொரு பெயர்! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயம் இல்லை, சந்தோஷம். கத்தியே விட்டேன்.

"இன்னொண்ணு அடிங்கக்கா!"

"எம்புட்டுத்தான் அடிக்கிறது, விரலெல்லாம் வலிக்குது தம்பி," என்றார், ஆனால் அதற்குள் அவரே அடுத்த தாளைச் செருகிவிட்டார். இரண்டு பேருக்குமே வெறி பிடித்த மாதிரிதான். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பெயர். ஏழு பேர் வந்துவிட்டார்கள்.

எட்டாவது தாள் பாதியில் இருந்தபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. வாசலில் நான் காத்திருக்கச் சொன்ன ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். சரோஜா அக்கா வேர்த்துப்போய், "தம்பி, நான் அமுக்கலை. கீ தானா இறங்குது," என்றார். அப்போதுதான் எனக்கு உதறல் எடுத்தது. வேலை போய்விடும் என்ற பயம் வேறு. உருளையிலிருந்து தாளைப் பிடுங்கிவிட்டேன். நகலில் எம், ஏ, எல் என்று மூன்றே எழுத்து.

ஏழு பெயர்களையும் புள்ளிகளுக்கு மேல் பேனாவால் எழுதி, வருவது வரட்டும் என்று ஓடிப்போய்க் கொடுத்தேன்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராக வந்தவர் மாஸ்கோவில் படித்தவர். அந்தப் பக்கத்தைத் திறந்தவர் ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். ஆதாரம் எங்கே என்று கேட்பார் என நினைத்தேன், கேட்கவில்லை. எல்லோரும் வெளியே போன பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இந்த ஏழு பேரையும் எங்க வயசான பேராசிரியர் ஒருத்தர் ரகசியமா சொல்லிக் கேட்டிருக்கேன் தம்பி. எட்டாவதா ஒரு பொண்ணும் இருந்தாங்களாம். அவங்க பேரு மட்டும் உசுரோட இருக்குற யாருக்குமே ஞாபகம் இல்லை."

பட்டமும் வேலையும் கிடைத்தன. சரோஜா அக்கா கடையை மூடியபோது அந்த மெஷினைக் கெஞ்சி வாங்கி வந்துவிட்டேன். இன்றைக்கும் அந்த எட்டாவது பெயருக்காகக் கார்பன் வைத்துப் புள்ளி அடித்துப் பார்க்கிறேன். கீழே புள்ளிதான் விழுகிறது.