பேசுங்க, லைன்ல இருக்காங்க

என் அக்கா வீட்டுக்காரருக்கு அருமையான குரல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவரைத் திட்டத்தான் போகிறேன்.

பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர். மாடியில் தங்கியிருப்பவர்கள் உலகத்தின் எந்த மூலைக்குப் பேச வேண்டுமானாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். எண்ணைப் போட்டு, அந்தப் பக்கத்து ஆளை வரவழைத்து, "பேசுங்க, லைன்ல இருக்காங்க" என்பார். இரண்டு பக்கமும் ஹலோ சொன்னதும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிடுவார். யார் பேச்சையும் ஒட்டுக்கேட்டதில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. "கூட வேலை பார்த்தவங்க கதை கதையா வெச்சிருக்காங்க. என்கிட்ட ஒண்ணுகூட இல்ல" என்பார். கல்யாணமான புதிதில் அக்காவுக்கும் எனக்கும் அது பெரிய குணமாகத் தெரிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு மனுஷன் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்கினார். இன்டர்நெட்டில் பேசுகிற மென்பொருளைப் போட்டுக்கொண்டார். உலகம் முழுக்கப் பேச ஆள் தேடுகிறவர்கள் அதில் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க வழி இருக்கிறதாம். படுக்கையறை மூலையில் மேஜை போட்டு, ஹெட்செட் மாட்டி, ஹோட்டலில் பழகிய ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. எங்கோ குளிர் நாட்டில் பஸ் ஓட்டுகிறவர் ஒருவர். ரோஜா வளர்க்கிற ஒரு விதவை. படகுத்துறைக் காவல்காரர் ஒருவர். அவர்கள் ஊரில் மழையா வெயிலா, பஸ்காரருடைய புது மேலாளர் எப்படி, ரோஜாக்காரிக்கு முட்டிவலி குறைந்ததா, எல்லாம் அத்தானுக்கு அத்துப்படி.

"ஊர் உலகத்துக்கெல்லாம் இவர்தான் தாய்மாமன்" என்று அக்கா கிண்டல் பண்ணுவாள்.

ஆனால் வெளிநாட்டில் இருந்த சொந்த மகளிடம் அவர் பேசியதில்லை. ஒரே மகள். பாப்பா என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறோம். தண்ணீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அழைப்பு வரும். அத்தான் முன்கூட்டியே காமிராவைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருப்பார். மணி அடித்ததும் அவர்தான் எடுப்பார்.

"சத்தம் கேட்குதா பாப்பா?"

"கேட்குதுப்பா."

"படம் தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"சரி, பேசு. அம்மா லைன்ல இருக்காங்க."

அவ்வளவுதான். ஹெட்செட்டை அக்கா தலையில் மாட்டி, மைக்கை வாய்க்கு நேராகத் திருப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். கூடத்தில் இருந்தால் பேச்சு காதில் விழும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடப்பார். திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "லைன் தெளிவா இருந்துச்சா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மருந்துக்கடையில் நிற்கிறவள், வாயைக் கட்டி வைக்கத் தெரியாதவள். "ஏன் அத்தான், வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? ரோஜாக்காரி முட்டி மேல இருக்கிற அக்கறை பெத்த பொண்ணு மேல இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அது அவங்க ரெண்டு பேர் பேச்சு. நடுவுல நாம இருக்கக் கூடாது" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடமையைச் சொல்கிற முகத்தோடு சொன்னார். தெளிவான லைனைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போவதுதான் ஒரு மனிதன் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் கோபமும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

அக்கா தன் பங்குக்கு ஒன்று செய்தாள். கேட்காத கேள்விகளை எல்லாம் அவர் கேட்டதாகச் சொன்னாள். "உன் இருமல் போயிடுச்சான்னு அப்பா கேட்கச் சொன்னார்." "பச்சைச் சட்டை உனக்கு நல்லா இருக்காம், அப்பா சொன்னார்." நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எனக்கே சிரிப்பு வரும். அக்கா என் தொடையில் கிள்ளிவிட்டு, முகம் மாறாமல் அடுத்த புளுகுக்குப் போவாள். பூசி மெழுகுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்த அக்கா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவில்லை. பாப்பா வந்தாள், இருந்தாள், திரும்பினாள். வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அப்பாவும் மகளும் ஒருவரோடு ஒருவர் பேசாததை யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் நடுவில் எப்போதும் அக்கா இருந்தாள், இப்போது இல்லை என்பது எனக்கு மட்டும் உறுத்தியது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தம் கேட்குதா, படம் தெரியுதா, சரி, அதோடு முடிந்தது. பாப்பா என் போனுக்குக் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒருநாள் கடையில் கூட்டமில்லாத மத்தியானம் கூப்பிட்டாள். "சித்தி, இங்க வேலையை நிரந்தரமாக்கிக்கிறியா, இல்ல கிளம்புறியான்னு கேட்கிறாங்க. திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

"வந்துடு கண்ணு. அப்பாவும் தனியா இருக்கார்."

"அப்பா வான்னு சொல்லட்டும், வந்துடறேன்."

"மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுத்தான்டி இருப்பார்."

அவள் சிரித்தாள். "சித்தி, இருமலைப் பத்தி அப்பா கேட்டதே இல்லன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். அம்மா ஆசையா சொல்றாங்கன்னு நானும் நம்புற மாதிரியே இருந்துட்டேன். இந்த ஒண்ணு மட்டும் அவர் வாயால வரணும்."

அன்று கடையை அடைத்ததும் நேராக அத்தான் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அக்காவின் புளுகுகளையும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"அவ அப்படியெல்லாம் சொன்னாளா? நான் சொன்னதாவா?"

"ஆமா. வேற யார் சொல்வா? இந்த ஞாயிறு நீங்க ஒரே வார்த்தை சொல்லணும். வான்னு."

"சொல்றேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "அவ வந்தா நல்லா இருக்கும்" என்றார். அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, புது மாப்பிள்ளை மாதிரி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அந்த ஒற்றை எழுத்தைத்தான் சொல்லிப் பார்க்கிறார் என்று புரிந்தது. இரண்டு பேர் பேச்சும் எனக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போடச் சொன்னேன். மாட்டேன் என்று ஹெட்செட்டையே மாட்டிக்கொண்டார். மணி அடித்தது.

பாப்பா முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். திரையில் அசல் அக்கா ஜாடை.

"சத்தம் கேட்குதா பாப்பா? படம் தெரியுதா? சரி." நிறுத்தினார். பாப்பா அவரையே பார்த்தாள். நான் பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இரு பாப்பா, அம்மாவைக் கூப்பிடுறேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி, என் தலையில் மாட்டி, மைக்கை என் வாய்க்கு நேராகத் திருப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"போயிட்டாரா சித்தி?" என்றாள் பாப்பா.

"வெச்சுடாதே. இழுத்துட்டு வரேன்."

ஹெட்செட்டை மேஜையில் போட்டுவிட்டு ஓடினேன். அவர் தெருமுனைக்குப் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "லைன் தெளிவா இருந்துச்சா?" என்றார்.

"லைன்ல இருக்கா அத்தான். உங்களுக்காகத்தான் இருக்கா. போய்ப் பேசுங்க."

என்ன தோன்றியதோ, எழுந்து உள்ளே போனார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவதற்குள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திரையில் பாப்பா இல்லை. அழைப்பு முடிந்துவிட்டது என்ற அறிவிப்புதான் இருந்தது. வாழ்நாள் முழுக்க லைனோடு கிடந்தவருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை என்பது தெரியாதா? தெரிந்துதான் சொன்னார்.

"வா பாப்பா. வீட்டுக்கு வந்துடு. அப்பாவால தனியா இருக்க முடியல."

அந்த நல்ல குரலில், தடுமாறாமல், எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

"இதைத்தான் அத்தான்! திரும்பக் கூப்பிட்டு இதையே சொல்லுங்க."

"அவங்களா வெச்சுட்டா நாம திரும்பக் கூப்பிடக் கூடாது" என்றார். ஹோட்டல் சட்டம். நானும் கெஞ்சினேன், திட்டினேன். அவர் ஹெட்செட் ஒயரைச் சுற்றி வைக்க ஆரம்பித்துவிட்டார்.

வாசலுக்கு வந்து என் போனிலிருந்து நானே பாப்பாவைக் கூப்பிட்டேன். அழுதிருந்தாள், குரலில் தெரிந்தது.

"பாப்பா, அப்பா சொல்லிட்டார். வான்னு சொன்னார். தனியா இருக்க முடியலன்னு சொன்னார். என் காதால கேட்டேன்."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"நீங்களும் அம்மா மாதிரியே ஆரம்பிச்சுட்டீங்களா சித்தி?" என்றாள். கோபமே இல்லை. "பரவாயில்ல, நீங்க சாப்பிட்டீங்களா?"

திங்கட்கிழமை அவள் அங்கேயே இருந்துவிடுவதாகப் பதில் சொல்லிவிட்டாள்.