சொட்டு நாற்காலி

எனிட் சக்டன் வீட்டு முன்னறையில் ஒரு மர நாற்காலி உண்டு. ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கும். குளிர்காலத்தில் அதில் யாராவது சாய்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்தால், கோப்பை பாதியாவதற்குள் ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிளம்பி வந்து பிடரியில் விழும். பனிக்கட்டி மாதிரி இருக்கும். ஆள் துள்ளுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் எனிட்டின் கணவன் கிளிஃப், செய்தித்தாளை இறக்காமலேயே, "என்ன, வெளில மழையா?" என்பான்.

பிடிக்காதவர்களை எல்லாம் அவன் அங்கேதான் உட்கார வைத்தான். இன்ஷூரன்ஸ்காரர், பாதிரியார், எனிட்டின் அக்கா புருஷன். மகள் லொரெய்ன் முதன்முதலாக ஒரு பையனைக் கூட்டிவந்தபோது அவனுக்கும் அதே மரியாதைதான் நடந்தது. சொட்டுமேல் சொட்டு வாங்கியும் முகம் சுளிக்காமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த அந்தப் பையனைத்தான் அவள் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டாள். கிளிஃப் வாய்விட்டுச் சம்மதம் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை. அடுத்த தடவை அவனுக்கு வேறு நாற்காலி போட்டான், அவ்வளவுதான்.

கிளிஃப் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. சொட்டு மட்டும் நிற்கவில்லை. ஜன்னலுக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கறுப்பாக ஒரு பட்டை, பூஞ்சை. எனிட் துடைப்பாள், அது வரும். மறுபடி துடைப்பாள். போன குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்து, மார்ச் வரை விடவேயில்லை. லொரெய்ன் லீட்ஸிலிருந்து வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அம்மா, இந்தச் சுவர் உன்ன அடக்கம் பண்ணிட்டுதான் ஓயும். பேசாம எங்கூட வந்துரு. அடுக்குமாடி, லிஃப்ட் இருக்கு, எல்லாம் இருக்கு."

"லிஃப்ட்டு இருக்கு சரி. ஜன்னல்ல என்ன தெரியுது?"

"எதிர் அடுக்குமாடி."

"அதான பாத்தேன்."

"வெளையாடாத. வர்ற குளிருக்குள்ள இத சரி பண்ணணும். இல்லன்னா நீ மூட்ட கட்டணும். ரெண்டுல ஒண்ணு."

எனிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஜன்னலை விட்டுவிட்டு எங்கே போவது?

அவள் பிறந்தது ஹாலிஃபாக்ஸில், முதுகோடு முதுகு ஒட்டிய ஒரு வரிசை வீட்டில். பின்பக்கம் சுவர், முன்பக்கம் கைக்குட்டை அகலத்தில் ஒரு ஜன்னல், அதற்கு அப்பால் ஆலைச் சுவர். பதினைந்து வயதில் கம்பள ஆலைக்கு வேலைக்குப் போனாள். அங்கும் ஜன்னல்கள் உயரத்தில், வெளிச்சத்துக்கு மட்டும். பார்க்க அல்ல. கொத்தனார் கிளிஃப்பைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நகை கேட்கவில்லை, துணி கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து மேட்டு வெளியும், ஏறி வரும் பேருந்தும் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல்.

கிளிஃப் ஊரார் வீட்டுக்கெல்லாம் கட்டிவிட்டுத் தன் வீட்டைக் கடைசியில் வைக்கிற ஆள். கொத்தனார் எல்லாருமே அப்படித்தான். ஒருவழியாக 1979-ல், இலையுதிர்காலத்தில், இருந்த இரண்டு குட்டி ஜன்னல்களையும் இடித்து ஒரே ஓட்டையாக்கினான். மேலே இருக்கும் சுவரைத் தாங்க இரும்பு லிண்டல் ஒன்று வந்து இறங்கியது. சுவர் இரட்டைச் சுவர், நடுவில் சந்து. லிண்டல் வெளிச்சுவரையும் உள்சுவரையும் சேர்த்துப் பிடிக்கிற அகலத்தில், நடுவே பெட்டி மாதிரி வயிறு காலியாக இருந்தது. கொல்லை முழுக்கச் செங்கல், மணல், பலகை, வேலையிடத்திலிருந்து அவன் தூக்கிவந்த ஏதேதோ.

ஓட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த அந்த வாரம்தான் நவம்பர் ஐந்து வந்தது. இங்கிலாந்து முழுக்க ஊர் ஊராகத் தீ மூட்டிக் கொண்டாடும் இரவு; இவர்களுக்குத் தெருமுனைத் திடலில். பிள்ளைகள் ஒரு மாசமாக வீடு வீடாக ஏறி விறகு சேர்த்திருந்தார்கள். எனிட்டும் தன் பங்குக்குக் கொல்லையில் கிடந்த தட்டுமுட்டை எல்லாம் வாரிக் கொடுத்திருந்தாள். தீ நன்றாகப் பிடித்து, நடுவிலிருந்து கன்னங்கரேலென்று புகை கிளம்பி, மொத்தத் தெருவும் இருமிக்கொண்டே பின்வாங்கியது. கிளிஃப் தீயையே வெறித்துப் பார்த்தான். அப்புறம் எனிட்டைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். கையிலிருந்த இஞ்சி கேக் கீழே விழ, கண்ணில் தண்ணீர் வர, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னய்யா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல புள்ள. பொக."

அவனை நினைத்தால் எனிட்டுக்கு வருகிற முகம் அதுதான். ஆஸ்பத்திரியில் பார்த்த முகம் அல்ல. தீ வெளிச்சத்தில், காரணமே இல்லாமல், அப்படி ஒரு சிரிப்பு.

மறுநாள் லிண்டலை ஏற்றி, மழைக்கு முன்னால் சுவரை மூடினான். ஜன்னல் வந்தது. மேட்டு வெளி முன்னறைக்குள் வந்தது. எனிட் அன்றைக்குச் சமையலே செய்யவில்லை. டிசம்பரில் முதல் சொட்டு விழுந்தது.

அதோடு ஆரம்பித்த சண்டை கிளிஃப் சாகும்வரை ஓயவில்லை.

"உன் இரும்புதான்யா காரணம். தொட்டுப் பாரு, ஐஸ்."

"இரும்பு என்ன பண்ணும்? நீதான் நாள் முச்சூடும் கெட்டில கொதிக்க விடுற. அந்த ஆவி எங்க போவும்?"

"ஊர்ல எவளும் டீ போடலியா?"

"போடறாங்க. ஜன்னலத் தொறந்து வெச்சுப் போடறாங்க."

வருஷா வருஷம், முதல் உறைபனி விழுந்த காலையில், ஒரு வார்த்தை மாறாமல் இதே பாட்டு. இப்போது பாட ஆளில்லாமல் எனிட் தனியாகத் துணியோடு நாற்காலிமேல் ஏறுகிறாள். ஒருநாள், ஒரே ஒருநாள், யாராவது வந்து நீ சொன்னதுதான் சரி எனிட் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று அவளுக்கு ஏக்கம் இருந்தது.

அந்த நாளும் வந்தது. டாரன் என்கிற கட்டட மேஸ்திரியை லொரெய்ன் பிடித்துவந்தாள். வெளியே செங்கல் வரிசை விண்டிருந்ததைப் பார்த்ததும், லிண்டல் துருப்பிடித்து உப்பிவிட்டது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்றான். சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா ஒன்றை ஜன்னலுக்கு நேரே பிடித்தான். திரையில் சுவரெல்லாம் மஞ்சள். ஜன்னலுக்கு மேலே மட்டும் கருநீலமாக ஒரு கோடு.

"பாத்தீங்களாம்மா? நீங்க ஹீட்டர் போட்டு உண்டாக்குற சூடெல்லாம் இது வழியாத்தான் தெருவுக்குப் போவுது. சூடான டீல கரண்டியப் போட்டா காம்பு சுடுதுல்ல? அதே கததான். உள்சுவத்துலேந்து வெளிச்சுவருக்கு ஒரே இரும்பு. சூடு போயிடும், இரும்பு சில்லுன்னு ஆயிடும், ஆவி அதுல பட்டுத் தண்ணியா நிக்கும்."

"அப்போ கெட்டில் இல்ல?" என்றாள் எனிட்.

"கெட்டில் என்னம்மா பாவம் பண்ணுச்சு? எல்லா வீட்லயும் கெட்டில் இருக்கு. இத வெச்சவர்தான் சரியா வெக்கல."

லொரெய்ன் கைதட்டினாள். "ஜெயிச்சிட்டம்மா! அப்பா வேல மட்டம்!"

இத்தனை காலம் காத்திருந்த வார்த்தை. அது வந்ததும் எனிட்டுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

"யாரு வேல மட்டம்? அவர் கட்டுன சுவர் எதாவது இந்த ஊர்ல சாஞ்சிருக்கா? அப்போ எல்லாரும் இப்படித்தான் வெச்சாங்க. கேமராவத் தூக்கிக்கிட்டுப் பேச வந்துட்டீங்க!"

டாரன் லொரெய்னைப் பார்த்தான். லொரெய்ன் கூரையைப் பார்த்தாள். ஜெயித்தவள் சமையலறைக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு கெட்டிலை வைத்தாள்.

அக்டோபர் கடைசியில் வேலை ஆரம்பித்தது. மேல்சுவருக்கு முட்டுக் கொடுத்துப் பழைய லிண்டலை இறக்கினார்கள். புதியது கொல்லையில் கிடந்தது. இரண்டு தனி இரும்பு. உள்சுவருக்கு ஒன்று, வெளிச்சுவருக்கு ஒன்று. இரும்பு இரும்பைத் தொடாதபடி நடுவே நீளமாக, வெள்ளையாக, ஒரு பக்கம் சரிவாக வெட்டிய தெர்மகோல் கட்டை. எனிட் தேநீர்த் தட்டோடு அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"இது எதுக்கு?"

"அதான்மா சூட்டத் தடுக்குறது. உங்க பழைய லிண்டல்லகூட வயித்துல எடம் இருக்கு பாருங்க. அதுலயும் இதே மாதிரி சரிவா வெட்டிச் சொருகுவாங்க. இரும்பு ஒரே இரும்புதான், முழுசா நிக்காது. ஆனா பாதியாவது கொறஞ்சிருக்கும். ஏன் காலியா விட்டாரோ, தெரில."

எனிட்டுக்குத் தெரிந்தது.

இதே கொல்லை. இதே மூலை. நீளமாக, வெள்ளையாக, ஒரு பக்கம் சரிவாக. ஏதோ பெட்டிக்குள் வைத்து வந்த சாமான் போலிருக்கிறது என்று நினைத்து, வண்டியோடு வந்த பிள்ளைகளிடம், "இதயும் எடுத்துட்டுப் போங்க கண்ணுங்களா, நல்லா எரியும்" என்று அவளேதான் தூக்கிக் கொடுத்தாள். நன்றாகத்தான் எரிந்தது. தெருவே இருமியது. அவன் தீயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்தான்.

கையில் தட்டு இருப்பதை மறந்து எனிட் அந்தக் கட்டையைத் தொடக் குனிந்தாள், கோப்பைகள் சரிந்தன. டாரன் ஓடிவந்து வாங்கிக்கொண்டான்.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்ல. பொக" என்றாள். கொல்லையில் புகையே இல்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பிள்ளைகள் கதவைத் தட்டி, தீக்குப் போட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். எனிட் பழைய பலகைகளைக் காட்டினாள். பிறகு அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துவந்து புது லிண்டலை மறித்துப் போட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகள் போகிறவரை அங்கேயே காவல் உட்கார்ந்தாள்.

உறைபனி அந்த வருஷம் சீக்கிரமே விழுந்தது. நவம்பர் ஐந்து காலையில் மேட்டு வெளி முழுக்க வெள்ளை. எனிட் துணியோடு ஏறி ஜன்னலின் மேல்விளிம்பைத் தொட்டாள். காய்ந்திருந்தது. உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தாள். சுவர் சுவராக இருந்தது, அவ்வளவுதான். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இறங்கத் தோன்றாமல் அங்கேயே நின்றாள்.

சாயங்காலம் லொரெய்ன் இஞ்சி கேக்கோடு வந்தாள். சொட்டு நாற்காலியில் வேண்டுமென்றே சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கோப்பை தேநீரை முழுசாகக் குடித்து முடித்தாள். பிடரியைத் தடவிப் பார்த்தாள்.

"சரி, நீ இங்கயே இரு" என்றாள். "லீட்ஸ் எங்கயும் போயிடாது. அப்பா மட்டும் அப்பவே ஒழுங்கா வெச்சிருந்தா..."

"வாங்கிட்டுத்தான் வந்தார்டி" என்றாள் எனிட். "அத நான்தான் தீல போட்டேன். குப்பைன்னு நெனச்சு."

லொரெய்ன் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"எரியறப்ப பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு."

"அப்புறம் அத்தன வருஷ சண்டைலயும்..."

"ஒரு தடவ சொல்லலடி. ஒரே ஒரு தடவ சொல்லியிருந்தா நான் அப்பவே வாய மூடியிருப்பேன். ஒவ்வொரு குளிருக்கும் நான் அவர அந்தப் பேச்சு பேசினேன். அவரு கெட்டில் கெட்டில்னே சொல்லிட்டுப் போய்ச் சேந்துட்டாரு."

திடலில் தீயைப் பற்றவைத்துவிட்டார்கள். பெரிய ஜன்னல் முழுக்க வெளிச்சம் ஆடியது. எனிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கெட்டிலை நிறைத்து வைத்தாள். கொதித்து, மூடி துள்ளி, ஆவி முன்னறைவரை வந்தும் அவள் அதை அணைக்கவில்லை.

"அம்மா, கெட்டில்!"

"கொதிக்கட்டும் விடு" என்றாள் எனிட். "யாராவது கத்துறாங்களான்னு பாக்குறேன்."