பழம் தீர்ற வரைக்கும்

ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் கெட்டியாக வர ஐஸ்கிரீம் போட வேண்டும் என்பார்கள் சிலர். பால் பவுடர் என்பார்கள் சிலர். நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. பழத்தை ஒளித்து வைத்தால் போதும் என்பது என் கட்சி. ஏழு வயதிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்தத் துறையில் நான் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. வேறு துறைகளிலும் அப்படித்தான் என்று என் மனைவி சொல்கிறாள்.

அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் பல வீட்டு அப்பாக்கள் அப்படித்தான். வடக்கே யாருடைய காட்டிலோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார்கள். மழைக்காலத்தில் வருவார்கள், மழை விட்டால் போய்விடுவார்கள். ஆகவே எனக்கு அப்பா என்றால் அம்மாவின் செல்போனுக்குள் இருந்து "சாப்ட்டியா சாமி?" என்று கத்துகிற குரல். கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று நின்று காது மந்தமாகிப்போனதால் கத்துகிறார் என்று எனக்குத் தெரியாது. பெரிய கோபக்காரர் என்று நினைத்திருந்தேன். கோபக்காரர்தான், ஆனால் போன் வைப்பதற்கு முன்னால் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கிற கோபக்காரர். ஒவ்வொரு முறையும் நான் ஸ்ட்ராபெர்ரி என்றேன்.

ஸ்ட்ராபெர்ரியை நான் பார்த்ததில்லை, ஆனால் தின்றிருந்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பர் ஒன்று இருந்தது. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் பாதியைக் கடித்து விழுங்கியிருந்தேன்.

இரண்டாம் வகுப்பு படித்த வருடம், மாசி மாதத்தில், மழையே இல்லாமல் அப்பா வந்து நின்றார். கம்ப்ரஸரில் ஏதோ உடைந்துவிட்டது, சாமான் வந்து மாட்டும் வரைக்கும் வேலை இல்லை. தோளில் ஒரு பை. கையில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. நான் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன்.

"என்ன கண்ணு, அப்பனைத் தெரியலையா?"

"தெரியுதுங்க" என்றேன், அடியிலிருந்தே.

"அப்பறம் வெளிய வாறது."

"அம்மா வரட்டுங்க."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த அம்மா வந்து என் காலைப் பிடித்து இழுத்துப் போட்டாள். பெட்டியைத் திறந்தார்கள். மகாராஷ்டிராவில் ஒரு மலையடிவாரத்தில் வாங்கி, பஸ் மாறி பஸ் மாறி, கீழே வைத்தால் நசுங்கும் என்று சேலம் வரைக்கும் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பழங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பச்சையாக ஒரு கொத்து இலை. ஒன்றை எடுத்துக் கடித்தேன். புளித்தது.

"இது ஸ்ட்ராபெர்ரி இல்லீங்க" என்றேன். "ரப்பர் வாசமே வரல."

அப்பா பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 

"மடியில வெச்சுக் கொண்டாந்த மனுசங்கிட்டப் பேசற பேச்சா இது?" என்று என் தலையில் ஒன்று வைத்த அம்மா, அப்பாவிடம், "அவன் ரப்பர் தின்னு வளந்தவனுங்க, உடுங்க" என்றாள்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். மிளகாயோ வெண்டைக்காயோ, எதையும் காம்பு கிள்ளாமல் ஃபிரிட்ஜுக்குள் வைக்க மாட்டாள். ஸ்ட்ராபெர்ரியையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கிள்ள உட்கார்ந்தாள். அப்பா தடுத்துவிட்டார். "கிள்ளாத அம்மிணி, கிள்ளுனா சீக்கிரம் அழுகிரும். பழம் வித்தவன் சொல்லி உட்டான்." இலையோடு ஒரு பொருள் தன் ஃபிரிட்ஜுக்குள் போவதை அம்மா முகத்தைச் சுளித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை அப்பா மில்க் ஷேக் போடக் கிளம்பினார். புளிப்பை அடக்கினால் பையன் வழிக்கு வருவான் என்பது திட்டம். அப்போதுதான் காய்ச்சிய பாலைப் பழத்தோடு சேர்த்து அரைத்தார். திரிந்துபோனது. அம்மா எட்டிப் பார்த்து, "பன்னீர் போட்டிருக்கறாங்க உங்கப்பா" என்றாள்.

அதற்கும் மறுநாள் பாலை ஆற வைத்து, ஃபிரிட்ஜில் குளிர வைத்து, சர்க்கரை போட்டு, மிக்ஸி முன்னால் அப்பா என்னை முக்காலி மேல் ஏற்றி நிற்க வைத்தார். திருகுகிற குமிழ் என் கையில். "போர் போடற மாதிரித்தான், எடுத்த எடுப்புல ஸ்பீடு குடுக்கக் கூடாது சாமி. மொதல்ல மண்ணு. மெதுவா எறக்கோணும். பாறை தட்டுச்சுன்னு சத்தத்துலயே தெரியும், அப்பத்தான் ஏத்தோணும்." என் காதருகில் அவர் கத்தினார். நான் நேராக மூன்றாம் நம்பருக்குத் திருகினேன். மூடி எகிறியது. அப்பாவின் மீசை, அம்மாவின் காலண்டர், உத்தரம், எல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டன.

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அப்பா மீசையை நக்கிப் பார்த்தார். "சக்கரை பத்தல" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு அப்பாவைப் பிடித்தது.

சொல்லப்போனால் மில்க் ஷேக் நன்றாகவே இல்லை. பல் தேய்த்துத் துப்பிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனாலும் தினமும் சாயங்காலம் நான் முக்காலியில் ஏறினேன். பள்ளிக்கூடம் விடும்போது வாசலில் வண்டியோடு நின்றிருப்பார். அவர் கூப்பிடும் சத்தத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். ஒருநாள் வண்டியில் வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து, அடுப்படியில், எதிரில் நின்று கேட்டேன்.

"எப்பங்கப்பா போவீங்க?"

அப்பா பதில் சொல்வதற்கு முன்னால் ஃபிரிட்ஜைப் பார்த்தார். "இந்தப் பழம் தீர்ற வரைக்கும் இங்கதான் சாமி."

அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்கிக்கொண்டேதான் இருந்தாள்.

நான் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன். பழம் தீரக் கூடாது. அவ்வளவுதானே? முதலில், மில்க் ஷேக் வேண்டாம், வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் படுக்க வைத்து மூக்கைப் பிடித்து ஓமத் தண்ணி ஊற்றினார்கள். அந்த வழி சரிப்படாது என்று தெரிந்தது.

எங்கள் ஃப்ரீசரில் ஐஸ் தட்டைத் தவிர எதுவும் இருக்காது. அதன் பின்னால் ஒரு மூடி போட்ட எவர்சில்வர் சம்படத்தைத் தள்ளி வைத்தேன். காலையில் அம்மா பால் கறக்கப் போகும்போது ஒரு பழம், சாயங்காலம் அப்பா கை கழுவப் போகும்போது ஒரு பழம். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறக்காமல், லேசாகத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டு ஓடிவிடுவேன். திருடனுக்குத் தன் மூட்டையைத் திறந்து பார்க்க எங்கே நேரம்?

அம்மாவோ எதிர்க்கட்சி. "எடத்த அடச்சுக்கிட்டுக் கெடக்குது. சட்டுப்புட்டுனு குடிச்சுத் தீருங்க" என்று தினமும் அப்பாவை விரட்டுவாள். போதாக்குறைக்குக் காலையில் பெட்டியைக் கிளறி, "அழுகுனதையெல்லாம் பொறுக்கி வீசிட்டனுங்க" என்பாள். நான் கஷ்டப்பட்டு ஒன்று ஒன்றாகக் காப்பாற்றிக்கொண்டிருக்க, இவள் கை கையாக வீசிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அப்பா ஊருக்குப் போகவேண்டும் என்பதில் அம்மாவுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று புரியவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எட்டாம் நாள் மத்தியானம் போன் வந்தது. சாமான் வந்துவிட்டது, நாளைக்குக் கிளம்பி வரச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் வீட்டில் இருந்தேன். "செரிங்க மேனேஜர்" என்று அப்பா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். போனை வைத்துவிட்டு அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே நான்கு பழங்கள், அதில் ஒன்று கறுத்திருந்தது.

"பழமும் தீந்துச்சு, லீவும் தீந்துச்சு. வா சாமி, கடைசியா ஒண்ணு போடலாம்."

நான் ஃபிரிட்ஜுக்கு ஓடினேன். சம்படத்தைப் பனிக்கட்டியிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு வந்து மேடை மேல் டங்கென்று வைத்தேன்.

"தீரலீங்கப்பா! இன்னும் இருக்குது! நீங்க போக முடியாது!"

மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா தட்டித் திறந்தார். என் கணக்குப்படி உள்ளே ஒன்பது பழங்கள் இருக்க வேண்டும். விளிம்பு வரைக்கும் பழம். வெள்ளையாகப் பனி பூத்து, கல்லு கல்லாக. இலையோடு என்னுடைய ஒன்பதும் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தன. அவற்றைச் சுற்றி, காம்பு கிள்ளி, சுத்தமாக, தலை மொழுக்கென்று இன்னும் இருபதோ என்னவோ.

"குட்டி போட்டிருக்குதுங்கப்பா!" என்று கத்தினேன்.

அப்பா சம்படத்தைப் பார்த்தார். ஒரு மொட்டைப் பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னைய எதுக்குங்க பாக்கறீங்க? பாலு குளுந்து ரொம்ப நேரமாச்சு. அரைக்கறதுன்னா அரைங்க."

அப்பா அரைக்கவில்லை. போனை எடுத்தார். "மேனேஜர், நாளைக்கு வர முடியாதுங்க. மூணு நாள் கழிச்சு வாரனுங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அப்பா வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார். "ஊட்டுல போர் போட ஒரு பாயிண்ட் பாக்கி நிக்குதுங்க. பாறை இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தன். தண்ணி இருக்குது."

அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

அன்றைக்குப் போட்டதுதான் மில்க் ஷேக். உறைந்த பழத்தில் மிக்ஸி முதலில் கடகடவென்று அலறியது. இந்த முறை நான் பாறைக்கு மரியாதை கொடுத்து மெதுவாகத் திருகினேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கி, வழுவழுவென்று, ஸ்பூனை நட்டால் நிற்கிற கெட்டியில் வந்தது. அத்தனை நாளும் புளிப்பு தனக்குப் பிடிக்காது என்று தன் பங்கை என் டம்ளரில் ஊற்றிவிடுகிற அப்பா, அன்று மூன்று டம்ளர் எடுத்து வைத்தார். அம்மா நின்றுகொண்டே குடித்தாள். குடித்துவிட்டு விரலால் டம்ளரின் உள்ளே வழித்து நக்கினாள். அம்மாவும் நாங்கள் செய்வதையெல்லாம் செய்வாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் அப்பாவை சேலம் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். ஆனால் நான் கலங்கவில்லை. கடைசி மில்க் ஷேக்குக்குப் பழம் எடுத்தபோதே, யாருக்கும் தெரியாமல் இலையுள்ள பழம் ஒன்றைச் சம்படத்தில் விட்டு வைத்திருந்தேன். குளிரில் ஸ்ட்ராபெர்ரி குட்டி போடும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. சம்படம் நிறைந்தால் அப்பா வந்துதானே ஆக வேண்டும்?

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஃப்ரீசரைத் திறந்தேன்.

என் பழத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. இலை இல்லாமல், மொழுக்கென்று. எதிர்வீட்டுப் பாப்பாவுக்கும் பிறந்தபோது தலையில் முடியே இல்லை. இதற்கும் போகப் போக முளைக்கும் என்று நினைத்துக்கொண்டு, குளிர் வெளியே போகாதபடி மூடியை அழுத்தி மூடி வைத்தேன்.