கஸ்தூரி அக்கா வைத்த பெயர்கள்

கஸ்தூரி அக்கா இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் நம் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்தான். புதன்கிழமை காலை நான் அலுவலகப் பேருந்துக்கு நின்றிருந்தபோது போன் செய்தார். "அந்த இன்டர்நெட் அம்மா போயிட்டாங்களாம், மாரடைப்பாம். ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் போட்டுடலாம். நீங்க ஒரு பக்கம் எழுதிட்டு வந்து படிச்சிடுங்க. நல்லதா எழுதுங்க" என்றார். ஏழு வருடம் நம் வீடுகளுக்கு வந்துபோன மனுஷியின் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை. நல்லதாகவே எழுதியிருக்கிறேன் சார். கடைசிவரை இருந்து கேளுங்கள்.

அக்கா சதுரங்கப்பட்டினத்துக்காரர். கோட்டைக்குப் போகும் சாலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. முதன்முதலில் என் வீட்டில் இணைப்பு விட்டு விட்டு வந்தபோது, எம்.சி.ஏ. படித்த நான் ஒரு வாரம் செட்டிங்குகளை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போயிருந்தேன். அவர் வந்து கணினியைத் தொடவே இல்லை. ஒயரின் முனையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே இருந்த செம்பு பச்சை பூத்திருந்தது. "உப்புக் காத்து தம்பி. கடலு இன்னா தூரத்துலயா கீது?" என்றார். முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்து அழுத்தினார். "ஒயரு பொய் சொல்லாது. மொதல்ல அத்த கேளு, அப்பால உன் படிப்ப காட்டு."

எட்டு வீடுகளுக்கு ஒரே இணைப்பை இழுத்துத் தந்தவரும் அவர்தான். மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி. அதிலிருந்து எட்டு ஒயர்கள். அந்தப் பெட்டியில் இருக்கும் ஃபயர்வாலைப் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கு மறக்காது. "வாசல்ல ஒரு ஆளு உக்காந்துகினு கீறான்னு வெச்சுக்கோங்க. நீங்க கூப்ட்டவங்கள உள்ள வுடுவான். கூப்டாம வர்றவன வுடமாட்டான். அவன எயுப்பி அனுப்பிட்டீங்கன்னா அவ்ளோதான், பேஜாரு." பெட்டியின் பாஸ்வேர்டை அவர் மட்டும் வைத்திருப்பது சரியில்லை, பொறுப்பில் இருக்கும் தனக்கும் வேண்டும் என்று செயலாளர் அடம்பிடித்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்பது அக்காவின் வேலைமுறை. பெட்டி தன் பதிவில் எந்தக் கணினி என்ன செய்தது என்று எழுதிவைக்கும். பெயர் இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டு எண்ணை வைக்கலாமே என்று கேட்டேன். "நம்பரு மறந்துபூடும் தம்பி, இது மறக்காது" என்றார். வேலை செய்யப் போன வீட்டில் குடிக்க என்ன கொடுத்தார்களோ, அதுதான் அந்த வீட்டுக் கணினியின் பெயர். மோர், காப்பி, டீ, பானகம், ரோஸ் மில்க், எங்கள் வீட்டுக்குச் சுக்குக்காப்பி. ஒரு வீட்டுக்குத் 'தண்ணி'. இன்னொரு வீட்டுக்கு 'ஒண்ணுமில்ல'.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு கணினிகளும் ஒரே நேரத்தில் ஒரு நிமிடக் கெடு கொடுத்துத் தானாக அணைந்து அணைந்து எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெளியிலிருந்து வைரஸ் நுழைந்திருந்தது. மாலையே சங்கக் கூட்டம். அக்காவை வரவழைத்து, இதே அறையில் நிற்கவைத்தோம். காலியாக நாலு நாற்காலிகள் கிடந்தன. "வேலை வரணும்னு அவளே தொறந்து வுட்டிருக்கா. வெளியாளை உள்ள வுட்டா இப்படித்தான்" என்றார் செயலாளர்.

"நா மூடிட்டுதான் சார் போனேன். யாரு தொறந்தாங்கன்னு பொட்டி எழுதி வெச்சிகினு கீது. பாருங்களேன்" என்றார் அக்கா.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார் செயலாளர். யாரும் பார்க்கவில்லை. வெளியாட்கள் கணினி வேலைக்கு உள்ளே வரக்கூடாது என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினோம். துணைச் செயலாளர் என்ற முறையில் அதில் கையெழுத்துப் போட்டவன் நான். அக்கா அன்றே எட்டு கணினிகளையும் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுத்தான் வெளியே போனார். அதை மட்டும் நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வாரமே அவர் கடைக்குப் போனேன். பெட்டியின் பதிவை அன்றே அச்செடுத்து வைத்திருந்தார். ஃபயர்வாலை அணைத்தது, ஒரு மணி நேரம் கழித்து சத்தமில்லாமல் மறுபடி போட்டது, இரண்டும் ஒரே கணினியிலிருந்து. பெயரைப் பார்த்ததும் அது யார் வீட்டுக் கணினி என்று எனக்குப் புரிந்துவிட்டது. இப்போதே போய்க் கேட்கிறேன் என்று எழுந்தேன். அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பொண்ணுக்கு வெளிநாட்டுல கொயந்த பொறந்துகீது தம்பி. கேமரால மூஞ்சி வரலன்னு சனிக்கெயம சொன்னாரு. திங்கக்கெயம வந்து அதுக்கு மட்டும் வயி வுடறேன்னேன். மனசு தாங்கல, மொத்தத்தையும் தொறந்துட்டாரு. பேரப்புள்ளய பாக்கத்தான? அவரே சொல்லுவாரு, இரு. நா இருக்கற வரிக்கும் நீ வாய தொறக்காத."

அவர் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்து, வேறு ஆள் கிடைக்காமல், நோட்டீசைக்கூட எடுக்காமல் அக்காவையே கூப்பிட்டோம். வந்தார். அந்த நோட்டீசைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் மாடிப்படிக்குப் போனார். எப்படிக்கா வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "நா போட்ட ஒயரு தம்பி" என்றார். அவ்வளவுதான் அவர் கோபம். எனக்கு அந்த நல்ல மனசு கிடையாது. பேரப்பிள்ளையைப் பார்க்கத் திறந்ததை நானும் மன்னித்துவிடுவேன். ஒரு பெண்ணை நிற்கவைத்துத் திருடியைப் போலப் பேசும்போது, திறந்தது தான்தான் என்று தெரிந்தே பேசிய வாயை மன்னிக்க மாட்டேன். மூன்று வருடம் அந்த வாயோடு கூட்டங்களில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இந்த நாளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

'நா இருக்கற வரிக்கும்' என்றார். இப்போது அக்கா இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த இரண்டு தாள்கள். ஒன்று, பெட்டியின் பதிவு. மற்றது, எட்டுப் பெயர்களும் அவர் கையால் எழுதிய பட்டியல். எந்த வீடு எந்தப் பெயர் என்று அதில் இல்லை. அது உங்களுக்கே தெரியும். ஏழு வருடத்தில் அவருக்கு உங்கள் வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தாள்களை அவர் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். மாலை போட்ட அந்தப் படத்துக்கு மேலே, பலகையில், நான் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் இன்னும் தொங்குகிறது. அதை இப்போது நான் கிழிக்கப்போகிறேன்.

செயலாளர் சார், எழுந்திருக்காதீர்கள். திறந்தது 'ஒண்ணுமில்ல'.