இரண்டு இருக்கை வண்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நாங்கள் மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில், தரைத்தளத்தில் இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் குடியிருந்தோம். தாராவி மெயின் ரோட்டில் எனக்குச் சிறிய பாத்திரக்கடை. எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலில் பிறந்தது பெண், சில நிமிடங்கள் கழித்துப் பையன்.

மகள் பதின்மூன்றாவது மாதத்திலேயே நடந்துவிட்டாள். மகனுக்கு இரண்டரை வயதாகியும் நிற்க வரவில்லை. பிறக்கும்போது மூச்சு கிடைக்கத் தாமதமானதால் கால் தசைகள் இறுகியிருக்கின்றன, விடாமல் பயிற்சி கொடுத்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நடப்பான், ஆனால் நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்தில் மூன்று நாள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போய் வந்தது என் மனைவிதான். அவள் முதுகு வலியால் ஒருநாள் எழுந்திருக்கவே முடியாமல் போன பிறகு, குழந்தை வண்டி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தோம்.

மகனுக்கு மட்டும் ஒற்றை வண்டி வாங்கப் போகிறோம் என்றுதான் அவள் நினைத்தாள். இரண்டு பேர் உட்காரும் வண்டி என்று நான் சொன்னதும் புரியாமல் பார்த்தாள்.

"அவதான் நடக்காள்லா. அவளுக்கு எதுக்குங்க சீட்டு?"

இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரி போகட்டும் என்றேன். அது பாதிக் காரணம்தான். அந்தச் சமயத்தில் என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பம் ஒன்று, தாராவியிலேயே கடை வைத்திருப்பவர்கள், விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பிள்ளைக்குக் கால் வராது என்று தெரிந்தால் குடும்பத்திலேயே ஏதோ இருக்கிறது என்று பேச்சு கிளம்பும். இரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டும் வண்டியில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளை நடக்கும், எந்தப் பிள்ளை நடக்காது என்று யாருக்கும் தோன்றாது. என் கணக்கு அதுதான். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவள் ஊகித்திருப்பாள்.

வாங்கப் போவதற்கு முன் கடையிலிருந்து டேப்பை எடுத்து வந்து எங்கள் வீட்டுச் சந்தின் அகலத்தை அளந்தேன். குழாயடியில் டிரம்கள் வைத்திருக்கும் இடம்தான் மிகவும் குறுகல். பக்கத்தில் பக்கத்தில் இருக்கை வைத்த வண்டி அங்கே நிச்சயம் நுழையாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இருக்கும் வண்டிதான் சரிப்படும்.

தாதரில் ஒரு கடையில் அப்படி ஒன்று இருந்தது. விற்பனைப் பெண் பொறுமையாக எல்லாவற்றையும் காட்டினாள். மடிப்பது எப்படி, பிரேக் எங்கே, பெல்ட்டை எப்படிப் போடுவது. பிள்ளைகளை உட்காரவைத்துக் கடைக்குள்ளேயே ஒரு சுற்றுத் தள்ளிப் பார்க்கச் சொன்னாள். பிறகு, விற்கிறவள் சொல்லத் தேவையில்லாத ஒன்றையும் சொன்னாள். இந்த மாதிரியில் பின் இருக்கை தாழ்வாக இருக்கும், அதில் உட்காரும் குழந்தைக்கு முன் இருக்கையின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது, கால்களும் அதற்கு அடியில் போய்விடும், அதனால் இரண்டு பேரையும் மாற்றி மாற்றி உட்காரவையுங்கள் என்றாள்.

கால்கள் வெளியே தெரியாது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அந்த வண்டியையே எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எட்டு மாதம் மகள் முன்னால், மகன் பின்னால். மாற்றவே இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் கடையை ஆளிடம் விட்டுவிட்டு நானே தள்ளிக்கொண்டு போவேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூங்கா வரைக்கும் போய்த் திரும்புவோம். எதிரில் வருகிறவர்கள் இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்டுக் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போவார்கள். வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஆரம்பத்தில் மகள் பெல்ட்டைப் பிடித்து இழுத்து அழுதாள். பூங்காவில் மற்றப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து உடம்பை முறுக்கினாள். இறக்கிவிட்டால் மகன் மட்டும் வண்டியில் இருப்பான். அதனால் இறக்கவில்லை. பத்துப் பதினைந்து நாளில் அழுகை நின்றது. பிறகு கதவைத் திறந்ததுமே தானாக ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு பெல்ட்டுக்காகக் கையைத் தூக்குவாள். சமர்த்து என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் மனைவி அவளுடைய செருப்பை எடுத்து வந்து என் முன்னால் திருப்பிக் காட்டினாள். அளவு சிறிதாகிவிட்டது, ஆனால் அடிப்பாகம் கொஞ்சமும் தேயாமல், வாங்கின அன்று இருந்த மாதிரியே இருந்தது. நான் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவள் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் மாதம் பிள்ளைகளை நர்சரியில் சேர்க்கப் போனோம். பூங்காவுக்குப் போகும் வழியில், ஒரு பழைய கட்டடத்தில் நடக்கும் சிறிய பள்ளி. அதை நடத்துபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மராட்டி அம்மாள். நாங்கள் உள்ளே நுழைந்ததுமே எழுந்து வந்து, உங்களைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன் என்று இந்தியில் சொன்னார். வரவேற்பு அதோடு நிற்கவில்லை. வகுப்பு மாடியில் நடந்தாலும் உங்கள் பிள்ளைகளுக்காக இந்த வருடம் கீழ் அறைக்கு மாற்றிவிடலாம், ஆயாக்கள் இரண்டு பேரிடமும் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"தோனோ?"

இரண்டு பேருக்குமா, என்று அர்த்தம்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். ஆனால் இல்லை என்றால் அடுத்து, அப்படியானால் யாருக்கு என்று கேட்பார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாள் நான் சங்கடப்படுகிறேன் என்று நினைத்து, மேற்கொண்டு கேட்காமல் என் தோளைத் தட்டினார்.

அதற்குள் ஒரு ஆயா வந்து பிள்ளைகளின் பெல்ட்டைக் கழற்றி, முதலில் மகனையும் பிறகு மகளையும் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் விரித்திருந்த பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாள். மற்றப் பிள்ளைகள் கையைக் கோத்து வட்டமாக நின்றார்கள். ஆசிரியை ஒருத்தி பாட ஆரம்பித்ததும் எல்லோரும் சுற்றி ஆடினார்கள். மகன் உட்கார்ந்தபடியே கை தட்டினான்.

மகளும் உட்கார்ந்தேதான் இருந்தாள். வீட்டுக்குள் கட்டில் மீதும் அலமாரி மீதும் ஏறி இறங்கும் பிள்ளை. ஆடுகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முழங்கால்கள் பாட்டுக்கு ஏற்ப அசைந்தன. ஆனால் எழுந்திருக்கவில்லை. நடுவில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் என் பக்கம் தூக்கினாள், தூக்கிக்கொண்டு போய் வண்டியில் விடு என்கிற மாதிரி.

"எந்திரிட்டீ, எந்திரிச்சு ஆடு" என்றாள் என் மனைவி.

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். வெளியே வந்தால் நடக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்கிற ஆள் நான் என்று அந்த மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

"எந்திரிம்மா. நட" என்றேன்.

எழுந்தாள். இரண்டு அடி வைத்துவிட்டு நின்று மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகுதான் வட்டத்துக்குள் போனாள். ஒரு குழந்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

பள்ளி நடத்தும் அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மகனுடைய கால், தங்கையின் கல்யாணப் பேச்சு, வண்டியை நான் எதற்காக வாங்கினேன் என்பது வரை. மனைவியும் அதை முழுசாக அப்போதுதான் கேட்டாள். அந்த அம்மாள் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. பையனுக்காக வகுப்பு கீழ் அறையிலேயே நடக்கட்டும், பெண்ணுக்கு நல்ல செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தை எடுக்க உள்ளே போனார்.

திரும்பும்போது மனைவி மகளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். மகனை நான் முதல் முறையாக முன் இருக்கையில் உட்காரவைத்துத் தள்ளினேன். ரயில் பாதைக்கு மேலே போகும் பிரிட்ஜில் ஏறியபோது அவன் திடீரென்று கையை நீட்டி, "அப்பா, பஸ்ஸு" என்றான். பிறகு ரிக்‌ஷா, நாய், இளநீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அக்காவைவிடப் பேச்சு குறைவு, அதுவும் மெதுவாகத்தான் வரும் போல என்று நாங்கள் நினைத்திருந்த பிள்ளை அவன். தினமும் போய் வந்த பாதைதான். அவன் அன்றுதான் அதைப் பார்த்தான்.

அந்த மாதக் கடைசியில் தரகர் கடைக்கு வந்தார். தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் பின்வாங்கிவிட்டார்கள் என்றார். காரணம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒங்க ரெண்டு பிள்ளைகளுக்கும் கால் வராதுன்னு அவங்க காதுக்குப் போயிட்டு. ஒரு பிள்ளைக்கு மட்டும்னா சம்மதிக்கலாமான்னு யோசிச்சிருப்பாங்களாம்."

நான் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

தங்கையிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். அவள் கோபம் கைவிட்டுப் போன சம்பந்தத்தைப் பற்றியது இல்லை, அவள் பெயரைச் சொல்லி நான் பிள்ளைகளை இப்படி வைத்திருந்ததைப் பற்றியது. அடுத்த வருடம் செம்பூரில் அவளுக்கு நல்ல இடம் அமைந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு என் மகனை மடியில் வைத்துக்கொண்டே விவரத்தைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா, எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். பிறகு பேச்சு எந்தக் கல்யாண மண்டபம் என்பதற்குப் போய்விட்டது.

இரண்டு இருக்கை வண்டியைச் சீத்தா கேம்பில் இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம். கொடுக்கும்போது, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி உட்காரவையுங்கள் என்று சொன்னேன். மகனுக்கு முதுகுக்கும் காலுக்கும் பிடிமானம் உள்ள ஒற்றை வண்டி வாங்கினோம். இப்போது பிள்ளைகளுக்கு ஆறு வயது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து குழாயடி வரைக்கும் அவன் நடக்கிறான். என்ன பிரச்சினை என்று யாராவது கேட்டால் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது.

ஒரு பிள்ளையின் குறையை மறைக்கப் போய், இன்னொரு பிள்ளைக்கு இல்லாத குறையை எட்டு மாதம் என் கையாலேயே பெல்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பது, மகள் தெருவில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.