பிரானக் தெருவின் நாற்காலித் தலைவர்

ரீஜிஸ் டூடாஷ் கோப்பைக் கடைக்காரர். பிட்ஸ்பர்கில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எதில் ஜெயித்தாலும், எந்தச் சங்கம் யாரைப் பாராட்டினாலும், கோப்பையிலும் கேடயத்திலும் பெயர் பொறிப்பது பிரானக் தெருவில் அவர் கடையில்தான். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் பெயரையே பொறித்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தலைவர் பதவி வந்தது அவருடைய குற்றமில்லை. கடைக்காரர் சங்கம் கூடுவதற்கு இடம் தேவைப்பட்டது. அலமாரிகளை ஓரம் தள்ளினால் எல்லாரும் உட்காரும் அளவுக்கு அவர் கடை பெரியது. தலைவராக்கிவிட்டால் வாடகை கேட்க மாட்டார் என்று எல்லாரும் கையைத் தூக்கிவிட்டோம்.

தலைவரானால் பயிற்சிக்குப் போகவேண்டும். களையிழந்த கடைத்தெருக்களைத் தூக்கி நிறுத்தப் போகிறவர்களுக்கென்று நகரத்தின் நடுவே ஒரு தலைமைப் பயிற்சி நடந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் பல தெருக்களின் தலைவர்கள் வட்டமாக உட்கார்ந்து நூல்கண்டை ஒருவர்மேல் ஒருவர் எறிவார்கள். கடைசியில் விழும் சிக்கலைக் காட்டி, "இதுதான் சமூகம்" என்பார் பயிற்சி நடத்திய கமீல் அம்மாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். சான்றிதழ் தருகிற எதையும் மட்டமாகப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் அந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு மணி நேரம் ஆனது என்று ரீஜிஸ் வந்து சொன்னபோது சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பயிற்சி முடிய ஒரு வேலை பாக்கி இருந்தது. அவரவர் தெருவில் ஒரு பிரச்சினையைத் தீர்த்துக் காட்டவேண்டும். ரீஜிஸ் தேடி அலையவேண்டியதில்லை. எதிர்க்கடை லொரெட்டா ஃபனெல்லியே பிரச்சினையைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டார்.

லொரெட்டாவுடையது பேக்கரி. அவருடைய வால்நட் ரொட்டிக்காகத்தான் வெளியாட்கள் எங்கள் தெருவுக்கு வருகிறார்கள். வந்த வழியில் முடிவெட்டிக்கொள்வார்கள், சாவி போடுவார்கள், பையனுடைய கோப்பையையும் வாங்கிப்போவார்கள். அவர் கிளம்பினால் தெருவையே மூடிவிடலாம்.

"ஹைவே பக்கம் புது ஷாப்பிங் பிளாசால கடைக்கு இடம் தர்றாங்க ரீஜிஸ். மைதானம் மாதிரி பார்க்கிங். திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"இங்க என்னம்மா குறை?"

"கண்ணு தெரியலையா? நாற்காலி."

நாற்காலிதான். பனி கொட்டினால் வீட்டுக்கு முன்னால் ரோட்டோரத்தை முதுகு ஒடிய வாரி ஒதுக்கிக் காரை நிறுத்துகிறோம். கார் வெளியே போகும்போது அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டால், திரும்பி வரும்வரை எவனும் தொடமாட்டான். போலீஸ்காரரே தொடமாட்டார். இது பனிக்கால நியாயம். எங்கள் தெருவில் பனி உருகும்; நாற்காலி உருகாது. ஜூலை வெயிலிலும் மாடிக் குடித்தனக்காரர்களின் நாற்காலிகள் கடைகளுக்கு முன்னால் கால் பரப்பிக்கொண்டு நிற்கும். ரொட்டி வாங்க வருகிறவன் காரைத் தலையிலா வைத்துக்கொள்வான்?

ரீஜிஸ் பயிற்சியில் படித்ததை முதலில் பெர்னியிடம் எடுத்துவிட்டார். பெர்னி என்கிற பெர்னடெட் யானோஷ் அம்மாள் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறார். கார் இல்லை. விற்று ரொம்ப நாளாகிறது. ஆனாலும் கீழே அவருடைய சமையலறை நாற்காலி நிற்கும். எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொன்னால் அவர் மனம் இளகும் என்று கமீல் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அது என் பையனுக்கு. கிறிஸ்துமஸுக்கு வருவான்."

"அதாவது, அது உங்க பையனுக்குன்னு சொல்றீங்க."

"அதைத்தானே இப்ப சொன்னேன்? காது அடைச்சுப் போச்சா?"

"காது அடைச்சுப் போச்சான்னு கேக்குறீங்க."

"யோவ், உன் பொண்டாட்டியைக் கூப்பிடு. உனக்கு ஏதோ ஆகிப்போச்சு."

கதவு சாத்தப்பட்டது. மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே மரியாதைதான்.

ராத்திரியோடு ராத்திரியாக எடுத்து எறிந்துவிடலாமே என்று நான் கேட்டேன். ரீஜிஸ் என்னைப் பார்த்த பார்வை, ஏதோ கல்லறையைத் தோண்டச் சொன்னதுபோல் இருந்தது.

"அடுத்தவன் நாற்காலியையா? எங்கப்பா கேட்டார்னா குழியிலேருந்து எந்திரிச்சு வந்து அறைவார்."

பிறகு அவருக்கே ஒரு யோசனை உதித்தது. நாற்காலியைத் தொடக்கூடாது என்பதுதானே சட்டம்? நம் நாற்காலியையும் எவனும் தொடக்கூடாதுதானே? சனிக்கிழமை காலையில் குடித்தனக்காரர்கள் காரை எடுத்த மறு நொடி, அவர்களுக்கு முந்திக் கடைக்காரர்கள் தங்கள் நாற்காலியைப் போட்டுவிடவேண்டும். வாடிக்கையாளர் வந்தால் அதை எடுத்து வைத்துவிட்டுக் காரை நிறுத்திக்கொள்ளட்டும். முடிதிருத்துபவர் சுழல்நாற்காலியையே உருட்டிக்கொண்டு வந்தார். எட்டு மணிக்குள் பேக்கரியைச் சுற்றி ஏழெட்டு இடம் எங்கள் கைக்கு வந்துவிட்டது. கமீல் வந்து பார்க்கப்போகிறார் என்று ரீஜிஸ் டை கட்டியிருந்தார்.

வாடிக்கையாளர்கள் வந்தார்கள். நாற்காலிகளைப் பார்த்தார்கள். வேகத்தைக் குறைத்தார்கள். யாரோ பாடுபட்டுப் பிடித்து வைத்த இடம் என்று மரியாதையோடு தாண்டிப் போனார்கள். ஒரு நீலக் கார் மூன்று தடவை சுற்றி வந்துவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டது. எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கும் அப்பாக்கள் இருந்திருக்கிறார்கள்.

இந்தச் சின்ன விஷயம் முன்கூட்டி எங்களில் ஒருவர் மண்டைக்கும் ஏறவில்லை. படித்தவன் என் மண்டைக்கும்தான்.

பத்து மணிக்கு லொரெட்டா வாசலில் வந்து நின்றார். உள்ளே வால்நட் ரொட்டி தட்டுத்தட்டாக ஆறிக்கொண்டிருந்தது.

"முன்னாடியாவது நாலு நாற்காலிதான் இருந்துச்சு. இப்பத் தெருவே கல்யாண மண்டபமா இருக்கு. ரொம்ப நன்றி தலைவரே. திங்கக்கிழமை என்ன பதில்னு தெரிஞ்சுபோச்சு."

தப்பு செய்துவிட்ட மனிதர் எங்கேயாவது உட்கார்ந்தாகவேண்டும். பக்கத்தில் இருந்தது ரோட்டோர நாற்காலி. ரீஜிஸ் தொப்பென்று அதிலேயே உட்கார்ந்தார்.

ஒரு வேன் மெதுவாக வந்து அவர் முட்டிக்கு முன்னால் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"சார், நீங்க கிளம்புறீங்களா?"

ரீஜிஸ் அந்த ஆளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். "இதோ," என்று எழுந்து நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடைபாதை ஏறினார். வேன் உள்ளே வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு குடும்பமே இறங்கி பேக்கரிக்குள் போனது.

"உட்காருங்கய்யா எல்லாரும்," என்று தெருவைப் பார்த்துக் கத்தினார் ரீஜிஸ். "காலி நாற்காலியைத்தான் தொடமாட்டான். ஆள் இருந்தா, எப்ப எந்திரிப்பான்னு கேப்பான்."

உட்கார்ந்தோம். சாவிக்கடைக்காரர், முடிதிருத்துபவர், நான். கார் வந்தால் எழுந்தோம், போனால் உட்கார்ந்தோம். தேவாலயத்தில்கூட அவ்வளவு தடவை எழுந்து உட்கார்ந்ததில்லை. மேலே ஜன்னலில் பெர்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கீழே இறங்கி வந்து தன் சமையலறை நாற்காலியில் அமர்ந்தார்.

"என் இடத்துல உட்கார்றதுன்னா நான்தான் உட்காரணும். லொரெட்டா, ஒரு டோனட் கொண்டா. ஜெல்லி வச்சது."

டோனட் உண்டு என்றதும் மற்ற மாடிக்காரர்களும் இறங்கிவிட்டார்கள். மத்தியானம் கமீல் அம்மாள் வந்தபோது தெரு முழுக்க ஆட்கள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டது. "பொது வெளியை மக்களே மீட்டெடுத்திருக்காங்க" என்று சொல்லி ஏராளமாகப் படம் எடுத்துக்கொண்டார். தன் காரை நிறுத்த பெர்னியை எழுந்திருக்கச் சொன்னது மட்டும் பலிக்கவில்லை. "ரொட்டி வாங்குவியா? அதைச் சொல்லு மொதல்ல," என்றார் பெர்னி. கமீல் இரண்டு வாங்கினார்.

தட்டுகள் காலியானபின் லொரெட்டா ஏப்ரனில் கை துடைத்தபடி ரீஜிஸிடம் வந்தார். ரீஜிஸ் டையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பிளாசாக்காரனுக்குப் போன் பண்ணிட்டேன்."

"என்னன்னு?"

"ஒரு வருஷம் கழிச்சுக் கேளுன்னு. அதுக்குள்ள உங்க முட்டி போச்சுன்னா நான் கிளம்பிருவேன்."

"முட்டி போய் அஞ்சு வருஷம் ஆச்சும்மா."

"அது தெரிஞ்சுதான் ஒரு வருஷம்னு சொன்னேன். எந்திரிங்க, கார் வருது."